புற்றுநோய்த் தடுப்பூசிச் செய்தி: புதிதாக எழுத வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மருத்துவச் செய்தி எழுதப் புதிதாக வரும் பிள்ளைகளின் பிரதியைத் திருத்துவது என் வேலை. நான் அந்தக் காலத்தில் சறுக்கிய இடங்களிலேயே இவர்களும் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, பெயர்ப்பிழை பற்றி இங்கே பேசப்போவதில்லை.

44 சதவீதம்

மாடர்னா, மெர்க் என்ற மருந்து நிறுவனங்கள் 2022 டிசம்பரில் அறிவித்த மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) தடுப்பூசியின் கணக்கு இது. நோய் வந்தவர்களுக்கே போடும் ஊசி. "நூற்றுக்கு 44 பேர் குணம்" என்று ஒரு பையன் தலைப்பு வைத்தான். இரவு யாரும் கவனிக்கவில்லை, அச்சேறிவிட்டது. காலையில் ஒரு அம்மா போன் செய்தார். கணவருக்கு வயிற்றில் புற்றுநோய்; "எங்கே கிடைக்கும் சார்? நகையை வைத்தாவது வாங்கிவிடுகிறோம்." இன்றும் அந்தத் தலைப்பை யாராவது எழுதிக்கொண்டு வந்தால் எனக்கு எரிகிறது.

நடந்தது இதுதான். கட்டியை அறுவை செய்து எடுத்துவிட்ட 157 பேர். 107 பேருக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தோடு தடுப்பூசி, 50 பேருக்கு மருந்து மட்டும். நோய் திரும்பியவர்கள், இறந்தவர்கள் இரண்டையும் சேர்த்தால் முதல் பிரிவில் 24 பேர், அடுத்ததில் 20 பேர். நூற்றுக்கு 22, நூற்றுக்கு 40. இந்த இரண்டையும், எத்தனை நாளில் அப்படி ஆனது என்ற கணக்கோடு ஒப்பிட்டுத்தான் 'ஆபத்து 44 சதவீதம் குறைவு' என்றார்கள். தடுப்பூசி போடாதவர்களிலும் நூற்றுக்கு 60 பேருக்கு நோய் திரும்பவில்லை. குணம் எங்கிருந்து வந்தது?

"குறைவு என்றால் குணம்தானே சார்?" என்றான் பையன். இல்லை. தவிர, 157 பேர் சின்னக் கூட்டம். வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாம் என்பதை அந்தக் கணக்கு முழுதாக ஒதுக்கிவிடவில்லை. அதனால்தான் ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து மூன்றாம் கட்டச் சோதனைக்குப் போனார்கள். போதாததற்கு, இது அவரவர் கட்டியின் மரபணுவைப் படித்து அவரவருக்கென்று தனியாகச் செய்யும் ஊசி. நகையை வைத்தாலும் கடையில் கிடைக்காது.

எலி

சோதனையில் எலிக்குக் குணமானால் தலைப்பில் எலி இருக்க வேண்டும்.

"மருந்தை மறைக்கிறார்கள்"

புற்றுநோய்த் தடுப்பூசி இருந்தும் மறைக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். புரோஸ்டேட் புற்றுநோய்க்கான ப்ரொவெஞ்ச் என்ற தடுப்பூசி 2010-லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டது. கூடுதலாகக் கிடைத்த ஆயுள் சுமார் நான்கு மாதம். யாரும் மறைக்கவில்லை, பலன்தான் சின்னது.

தோற்றதை விட்டுவிடுவது

மேஜ்-ஏ3 என்ற நுரையீரல் புற்றுநோய்த் தடுப்பூசி இரண்டாம் கட்டச் சோதனையில் நம்பிக்கை தந்தது. அடுத்த கட்டத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் சேர்த்துச் சோதித்துப் பார்த்தும் பலன் தெரியவில்லை. 2014-இல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் நிறுவனம் அந்தச் சோதனையை நிறுத்தியது. நம்பிக்கையை மட்டும் போட்டுவிட்டு முடிவைப் போடாவிட்டால், "போன தடவை சொன்ன மருந்து என்ன ஆச்சு?" என்று வாசகர் கேட்கத்தான் செய்வார். சோதனையின் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தோற்றால் அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள்.