மலையக மண்ணுக்கும் கல்லுக்கும் வயது கணிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் பண்டாரவளைக் குன்றுகளில் கிடைக்கும் குவார்ட்ஸ் கற்கருவியைக் காபன் சோதனைக்கு அனுப்பினால் வயது தெரிந்துவிடும் என்று நம்புவோர் பலர். காபன் 14 முறை ஒரு காலத்தில் உயிரோடிருந்தவற்றுக்கே பொருந்தும். அந்தக் கதிரியக்கக் காபனின் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 5730 ஆண்டுகள் என்பதால் ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளக்க எதுவும் மிஞ்சாது. கருவியோடு ஒரே மண்படையில் கலையாமல் கிடந்த கரியைக் கொண்டுதான் கருவியின் காலத்தை ஊகிக்க முடியும்.

அந்தக் கரியிலும் ஏமாற இடமுண்டு. தேயிலை மலையில் கான் (வடிகால்) வெட்டும்போது தென்படும் கரி, 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்டி எரித்தபோது மிஞ்சியதாகவும் இருக்கலாம். அதைச் சோதித்தாலும் விடை தெளிவாக வராது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1950 வரை வளிமண்டலக் காபன் 14 ஏறி இறங்கியதால், ஒரே அளவீடு அந்தக் காலத்தின் பல பகுதிகளுக்கும் பொருந்திவிடும். பெருமரத்தின் வைரத்திலிருந்து (உள்மரத்திலிருந்து) வந்த கரியோ தீ மூட்டிய காலத்தை அல்ல, அந்த மரவளையம் வளர்ந்த காலத்தையே காட்டும் என்பதால், சுள்ளிக் கரியையும் கருகிய விதையையும் தேர்ந்தெடுப்பதே நல்லது. கரிக்குள் ஊடுருவிய தேயிலைச் சல்லிவேர்களை உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாக அகற்ற வேண்டும். மாதிரியைப் பஞ்சிலோ காகிதத்திலோ பொதியாமல் அலுமினியத் தாளில் பொதிய வேண்டும்.

ஆய்வுகூடம் தரும் எண்ணை அப்படியே நாட்காட்டி ஆண்டாக வாசிப்பதும் தவறு. அது 1950ஐத் தொடக்கமாகக் கொண்டு பின்னோக்கி எண்ணப்படுவது. காபன் வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் அளவுதிருத்த வளைகோட்டோடு ஒப்பிட்டு, பிழை வீச்சையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மணல்மணி கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஒளியுமிழ்வு முறை அளக்கிறது. மாதிரியைப் பகலில் திறந்து பார்த்தால் அத்தோடு அது கெட்டது. நம் மலைச்சரிவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: மண்சரிவில் திரளாக இறங்கும் மண்ணின் உட்பகுதி வெயிலைக் காண்பதேயில்லை, ஆகவே சரிவு நிகழ்ந்த காலத்தைவிட மிகப் பழைய வயது வந்துவிடும். படைகளே தலைகீழாகக் கிடக்கும் இடத்தில் "கீழே கிடப்பது பழையது" என்ற விதியும் செல்லாது.

பாறைக்கு வருவோம். மலையகத்தின் உருமாறிய பாறைகளிலுள்ள சேர்க்கன் (zircon) என்ற கனிமத்தின் மணிகளில் யுரேனியமும் அது சிதைந்து உருவான ஈயமும் அளக்கப்படுகின்றன. சில மணிகளின் உட்கரு 200 கோடி ஆண்டுகளைத் தாண்டும். வெளிவிளிம்போ ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளைக் காட்டும். முழு மணியையும் கரைத்து அளந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட, எந்த நிகழ்வையும் குறிக்காத ஓர் எண் கிடைக்கலாம். உட்கரு பழைய தாய்ப்பாறையின் வயது, விளிம்பு வெப்பத்தால் பாறை உருமாறிய காலம். இந்த மலைகள் எப்போது இவ்வளவு உயர்ந்தன என்பதை இரண்டுமே சொல்வதில்லை.