கடலோர மணலில் வெட்டிவேர்ப் புதர்

மண்டபம், தேவிபட்டினம் போன்ற ஊர்களின் மணற்பாங்கான தோட்டங்களில், உப்புக் காற்றையும் கோடை வறட்சியையும் தாங்கி அழகுப் புதராக நிற்கக்கூடிய நம் நாட்டுப் புல் வெட்டிவேர் ஆகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியே நடவுக்கு ஏற்ற காலம். முதிர்ந்த தூரைத் தோண்டி எடுத்து, இரண்டு மூன்று தண்டுகள் கொண்ட நாற்றுகளாகப் பிரித்து, இலையை ஒரு சாண் உயரத்திற்கும் வேரை நான்கு விரற்கடைக்கும் நறுக்கிய பின், மட்கிய சாணம் கலந்த குழியில் நட வேண்டும். தனிப் புதருக்கு 3 அடி இடைவெளி விடலாம். வேலியாக அடர வேண்டுமானால் அரை அடி போதும். வேர் பிடிக்கும் வரை மண் காயாமல் நீர் விடுவது அவசியம். நிழல் மட்டும் ஆகாது. தென்னையடியில் நட்டால் மெலிந்துவிடும். ஆண்டுக்கொரு முறை முழங்கால் உயரத்தில் அரிந்துவிட்டால் புதிதாகத் தூர் கட்டும். வேரின் மணத்துக்கு ஆசைப்பட்டுத் தோண்டினால் புதரே போய்விடும் என்பதால், அதற்கென ஓரத்தில் சில நாற்றுகளைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது.