பாரிஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஆர்ப்பாட்டமும் கலவரமும் உள்ள நாள்களில்

பிரான்ஸில் ஊர்வலம் என்பது சர்வசாதாரணம். ரிபப்ளிக், பஸ்தீய், நசியோன் சதுக்கங்கள் பக்கம் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு குடும்பமாகவே வருவார்கள், அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. கவனமாக இருக்க வேண்டியது ஊர்வலத்தின் தலைப்பகுதியிலும் அது முடிகிற சதுக்கத்திலும்தான். தொழிற்சங்கக்காரர்கள் கலைந்துபோன பிறகும் ஒரு கூட்டம் நிற்கும், பொழுது சாயும்போது போத்தல் பறக்கும், கண்ணீர்ப்புகை வரும். அங்கே நின்று வீடியோ எடுக்காதீர்கள், தயவுசெய்து.

வங்கிக் கண்ணாடிகளுக்குப் பலகை அடித்திருந்தாலோ, பக்கத்துத் தெருவில் பொலிஸ் வான்கள் வரிசையாக நின்றாலோ அந்த வழியை விட்டுவிடுங்கள். சில மெட்ரோ நிலையங்களையும் மூடிவிடுவார்கள், ரயில் நிற்காமலே போகும், அதனால் கிளம்பும் முன் மெட்ரோவை ஓட்டும் நிறுவனமான ஆர்.ஏ.டி.பி.யின் செயலியைப் பாருங்கள்.

கலைந்து போகச் சொல்லிப் பொலிஸ் எச்சரித்த பிறகும் நின்றால் அது குற்றம்; ஓராண்டுச் சிறை, 15,000 யூரோ அபராதம் வரை போகலாம். புகை வருகிறதே என்று துணியால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பதும் சிக்கல்தான், ஆர்ப்பாட்டத்தில் தக்க காரணமின்றி முகத்தை மறைப்பதை 2019-இல் குற்றமாக்கிவிட்டார்கள். கண்ணைக் கசக்காமல் காற்றோட்டமான பக்கம் போய்த் தண்ணீரால் கழுவுங்கள், லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

2023 ஜூன் கடைசியில் நடந்தது வேறு மாதிரி. பாரிஸை ஒட்டிய நாந்தேரில் 17 வயதுப் பையனைப் பொலிஸ் சுட்டுக் கொன்ற பிறகு, எந்த அறிவிப்பும் இல்லாமல் இரவிரவாகப் புறநகர்களில் வாகனங்கள் எரிந்தன, நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் சென்-சந்தனி மாவட்டமும் தப்பவில்லை. பாரிஸ் வட்டாரத்தில் பஸ்ஸும் ட்ராமும் இரவு 9 மணியோடு நின்றுபோயின. ரெஸ்டோரண்டில் இரவு வேலை செய்கிறவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்: திரும்பி வர வழியில்லாவிட்டால் யார் வீட்டில் தங்கலாம், முதலாளியிடம் நேரத்தோடு போகக் கேட்கலாமா என்று அமைதியான நாளிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காரைத் தெருவில் விடாமல் இருக்க முடிந்தால் நல்லது.

விசாவோ ரெசெப்பிசேயோ (வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்ததற்குத் தரும் தற்காலிகத் தாள்) எப்போதும் கையில் இருக்கட்டும், அதன் படம் ஒன்று போனிலும் இருக்கட்டும். உங்களை யாரென்று காட்ட முடியாவிட்டால் 4 மணி நேரம் வரை பொலிஸ் நிலையத்தில் வைத்திருக்கலாம். அவசரத்துக்கு 17 பொலிஸ், 15 மருத்துவம், எதுவும் நினைவுக்கு வராவிட்டால் 112.

அப்புறம், தவறுதலாகப் பிடித்துக் கார்தாவு-வில், அதாவது பொலிஸ் காவலில், வைத்துவிட்டால் ஓடவோ வாதாடவோ வேண்டாம். வக்கீல், மருத்துவர், தமிழ் மொழிபெயர்ப்பாளர் மூன்றையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லியும் கேட்கலாம், வக்கீலுக்குப் பணம் இல்லையென்றாலும் ஒருவரைத் தருவார்கள். அகதிக் கோரிக்கை விசாரணையில் இருப்பவர்கள் முக்கியமாகக் கேளுங்கள்: விளங்காத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் வரும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள்.