அரிய ஆங்கிலக் குடும்பப் பெயரின் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழகிப் பார்க்க ஸ்மித்தை எடுக்காதீர்கள். ஸ்மித் என்றால் கொல்லன். கொல்லன் பட்டறை இருந்த இடமெல்லாம் அந்தப் பெயர் தனித்தனியே முளைத்தது. அரிய பெயரே எளிது. பெரும்பாலும் ஒரே ஊரில் கொண்டுபோய் நிறுத்தும். இங்கே பர்ட்விசில் என்ற பெயரைத் தேடுவோம்.

படி 1: பெயரின் எழுத்து வேறுபாடுகளை ஒரு தாளில் குறியுங்கள். அக்கால எழுத்தர்கள் காதில் விழுந்தபடிதான் எழுதினார்கள். பர்ட்விசிலின் நடுவே சிலர் ‘எச்’ சேர்ப்பார்கள். பறவை விசிலடிப்பதாக நினைத்துக்கொண்டார்கள் போலும்! இரண்டு வடிவங்களையும் தேடுங்கள்.

படி 2: 1881 ஏப்ரல் 3 இரவு எடுத்த மக்கள்தொகைக் கணக்கைத் திறங்கள். ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசம். பதிவு செய்துகொண்டால் போதும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். வசிக்கும் இடத்தை எண்ணிவிட்டு நிறுத்திவிடுவார்கள். பஞ்சாலை வேலைக்காகக் குடிபெயர்ந்தவர்கள் ஏராளம் என்பதால், ‘பிறந்த இடம்’ என்ற பகுதியைப் பாருங்கள். முதியவர்களின் பிறந்த இடம் இன்னும் நல்ல துப்பு. எண்ணிக்கையை அந்தந்த மாவட்டத்தின் மக்கள்தொகையால் வகுக்கவும் மறக்காதீர்கள். லங்காஷயர் போன்ற நெரிசலான மாவட்டத்தில் எந்தப் பெயரும் அதிகமாகத்தான் தெரியும். பர்ட்விசில் வகுத்த பிறகும் லங்காஷயரையே காட்டும்.

படி 3: பின்னோக்கிப் போங்கள். அரசின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1837 ஜூலை 1 முதல் உண்டு. அதன் அட்டவணையை ஃப்ரீபிஎம்டி தளத்தில் தேடலாம். அதற்கு முன்பு தேவாலயப் பதிவேடுகள்தான். அவற்றை எழுதச் சொன்ன ஆணை 1538இல் வந்தது. ஆனால் எல்லா ஊரிலும் ஏடுகள் தப்பிப் பிழைக்கவில்லை.

படி 4: பெயரைப் பிரியுங்கள். பழைய ஆங்கிலத்தில் ‘ட்விஸ்லா’ என்றால் ஓடைகள் கவையாகப் பிரியும் இடம். முன்பகுதி பறவைக்குஞ்சைக் குறிக்கும் ‘பிரிட்’. ஆக, விசிலுக்கு இடமில்லை. பறவைக்கு மட்டும் உண்டு. லங்காஷயரில் பர்ன்லிக்கு அருகே பாடிஹாம் பக்கம் இந்தப் பெயரில் இருந்த சிற்றூர் மறைந்துவிட்டது. ஊருக்குள் இருப்பவனை ஊர்ப் பெயரால் யாரும் அழைப்பதில்லை. வெளியேறியவனோடுதான் அது ஒட்டிக்கொள்கிறது.

அப்படி வெளியேறியவர்கள் வெகுதூரம் போனார்களா? இசையமைப்பாளர் ஹாரிசன் பர்ட்விசில் 1934இல் பிறந்தது ஆக்ரிங்டனில். பாடிஹாமிலிருந்து நடந்தே போய்விடலாம்.