மணல் தீவில் கிணறும் கழிவறையும்: நாம் செய்யும் தவறுகள்

சென்னைக்கு வடக்கே இருக்கும் காட்டுப்பள்ளித் தீவில் மணலைக் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே எண்ணூர் கழிமுகம், வடக்கே பழவேற்காடு. சுற்றிலும் உப்புநீர் இருக்கும்போது நல்ல தண்ணீர் எப்படி வந்தது? ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் இறைக்கிறோம். வீட்டுக் கழிவுநீரையும் அதே மணலுக்குள்தான் விடுகிறோம். எண்ணூர், எர்ணாவூர்க் கடலோரத்து மணல் மனைகளிலும் இதே கதைதான்.

பெரிய தவறு இதுதான்: நாலைந்து சிமென்ட் உறைகளை இறக்கி, அடியைத் திறந்தே விட்டுவிட்டு அதை ‘செப்டிக் டேங்க்’ என்று சொல்வது. “தண்ணி தானா இறங்கிடும், நிறையவே நிறையாது” என்று கட்டித் தருபவர் சொல்வார். நிறையவில்லை என்றால் அது எங்கே போகிறது என்று கேளுங்கள். ஒழுங்காகக் கட்டிய தொட்டிக்கு அடியும் சுவரும் பூசியிருக்கும். கசடு உள்ளே தங்கும், தெளிந்த நீர் மட்டும், அதை மணலுக்குள் வடியவிடும் உறிஞ்சு குழிக்குப் போகும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்துக் கசடை எடுத்தாக வேண்டும். “பத்து வருஷமா லாரியே கூப்பிடல” என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குப் பக்கத்து வீட்டுக் கிணற்றை நினைத்துப் பயமாகத்தான் இருக்கிறது.

உறிஞ்சு குழி தோண்டும் காலத்திலும் ஏமாந்துவிடுகிறோம். கத்திரி வெயிலில் தோண்டினால் அடிவரை காய்ந்த மணலாகத் தெரியும். கார்த்திகையில் அதே இடத்தில் நீர்மட்டம் மேலேறிக் குழியைத் தொட்டுவிடும். கழிவுநீர் காய்ந்த மணல் வழியாக மெல்ல இறங்கினால்தான் ஓரளவு வடிகட்டப்படும். ஏற்கெனவே தண்ணீர் நிற்கும் மணலில் கலந்தால் கிருமிகள் அப்படியே பயணம் போகும். அதனால் மழைக்கால நீர்மட்டத்தைக் கிணற்றில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குழியின் அடி அதற்கு மேல் 6 அடியாவது இருக்க வேண்டும். அவ்வளவு இடைவெளி இல்லாத மனையில் குழியை ஆழமாக்காமல், தரையை மேடாக்கிக் கட்டுவதே சரி.

குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் சுமார் 60 அடி இடைவெளி வேண்டும். நம் மனைகளில் அது கஷ்டம், தெரியும். ஆனால் நம் கிணற்றிலிருந்து மட்டும் அளந்துவிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றை மறந்துவிடுகிறோம். நாலைந்து வீடுகள் சேர்ந்து, கிணறுகளை விட்டு விலகி ஒரே பொதுத் தொட்டி கட்டுவது பல தெருக்களில் முடிகிற காரியம்.

அப்புறம், தண்ணீர் கெட்டதும் “இன்னும் ஆழமா போர் போடலாம்” என்பது. இது தீவில் செல்லாது. நல்ல நீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால் கீழிருந்து உப்பு பல மடங்கு ஏறும். பக்கத்தில் மீஞ்சூரில் அதிகமாக உறிஞ்சியதால் கடல்நீர் நிலத்தடியில் 10 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. கரிக்கத் தொடங்கிய கிணற்றைப் பழையபடி திருப்புவது லேசில் நடக்காது.

கொதிக்க வைத்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. கிருமி சாகும், சரி. ஆனால் கழிவுநீரிலிருந்து வரும் நைட்ரேட் என்ற உப்பு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. அதற்கு ருசியோ வாடையோ இல்லாததால் நாக்கை நம்ப முடியாது. கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கும் வீட்டில் தண்ணீரைக் கட்டாயம் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

டாய்லெட்டில் பினாயிலையும் ஆசிட்டையும் நிறைய ஊற்றினால் கசடைச் செரிக்கும் பாக்டீரியாவே செத்துவிடும். தொட்டியின் வழிநீரை மழைநீர் வடிகாலில் விட்டால் அது கழிமுகத்துக்குத்தான் போகும், இறாலும் நண்டும் பிடிக்கும் அதே தண்ணீருக்கு.

தொட்டி அடைத்துக்கொண்டால் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். உள்ளே தேங்கும் விஷவாயு ஓரிரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்றக் குதிப்பவரையும் சேர்த்து. உரிமம் உள்ள கழிவுநீர் லாரிக்குச் சொல்லுங்கள். எடுத்த கசடை எங்கே கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரைச் சொல்லாத லாரியை அனுப்பிவிடுங்கள்.