மலையகத்துப் பொதுக்காணிப் பிணக்குகளில் மத்தியஸ்தர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காணிப் பிணக்கு என்றதும் இரு தரப்பாரையும் அழைத்துக் கூட்டம் போடுவதுதான் பலருக்கும் முதல் வேலையாகத் தோன்றுகிறது. இலங்கையின் மலையகத்தில் பெரும்பாலும் அதுவே முதல் தவறாகிவிடுகிறது. விளையாட்டு மைதானத்துக்கோ, முன்பள்ளிக்கோ, பாதை அகலிப்புக்கோ கேட்கப்படும் துண்டு யாருடையது என்பதை வரைபடத்திலும் குத்தகைப் பத்திரத்திலும் பார்க்காமல் பேசத் தொடங்கினால், அதைக் கொடுக்க அதிகாரமுள்ள ஒருவர்கூட அங்கே இல்லாமல் போகலாம். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் மூலம் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றதே தவிர, காணி அரசுடையதாகவே இருந்தது. ஆகவே தோட்டத்துரை, அதாவது தோட்ட முகாமையாளர், சரி என்று சொல்வது நல்லெண்ணத்தைக் காட்டலாம். காணி முறைப்படி விடுவிக்கப்படாமல் அதில் எழும் கட்டடத்துக்கு அது பாதுகாப்பாகாது.

தலைவர் பேசிவிட்டால் தோட்டமே பேசியதாகும் என்று கருதுவதும் தவறு. தொழிற்சங்கத் தலைவர்கள் பெரும்பாலும் ஆண்கள். முற்பகலில் வைக்கும் கூட்டத்துக்குக் கொழுந்து பறிக்கும் பெண்கள் வருவதென்றால் அன்றைய பேரை, அதாவது அந்த நாள் சம்பளத்தை, இழக்க வேண்டும். ஆனால் பீலித் தண்ணீருக்கு எந்த வழியாகப் போகிறார்கள், விறகு எங்கே பொறுக்குகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். மாலையில், அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு அருகிலேயே கூடுவது நல்லது. சிங்களத்தில் மட்டும் எழுதிய கடிதத்தில் கையெழுத்து வாங்குவதைப் பற்றி விளக்கவே தேவையில்லை.

மண்சரிவின் ஆபத்தைப் பேரம் பேசித் தீர்க்க முடியாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிவதற்கு முன்பே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. வீட்டுத் திட்டத்துக்கான இடத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்து அறிக்கை தரும்வரை, இரு தரப்பும் உடன்பட்டாலும் மத்தியஸ்தர் அந்த இடத்தை முடிவாக எழுதக்கூடாது.

பெருந்திட்டம் வரும்போது, வேலைக்கு முன்பிருந்த நிலையைப் பதியாமல் விடுவதே மிகவும் கொடுமையான தவறு என்று நினைக்கிறேன். உமா ஓயா நீர்த் திட்டத்தின் சுரங்கப் பணியின்போது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடித்தன. அத்தகைய நிலையில், வெடிப்பு முன்பே இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் சுமை வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. எனவே வேலை தொடங்குமுன் ஒவ்வொரு சுவரையும் தேதி தெரியும்படி படமெடுத்து, கோடையில் கிணற்று நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து, கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் இரு தரப்பும் ஒப்பமிட்ட பட்டியலாக்கிப் பிரதிகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

உடன்படிக்கையின் வாசகத்திலும் கவனம் வேண்டும். "மாற்றுக் காணி வழங்கப்படும்" என்ற வரியில் வழங்குபவர் யாரென்றே இல்லை. எந்த நிறுவனம், எந்தத் தேதிக்குள், எந்த உறுதிப்பத்திரத்துடன் தரும் என்பதோடு, 7 பேர்ச் என்றால் அதில் வீடு கட்ட முடியாத சரிவும் கானும் (வடிகாலும்) சேருமா என்பதையும் நில அளவையாளர் வருமுன் எழுதிக்கொள்ள வேண்டும்.