ரைடிங் மோவரில் டிரைவ் பெல்ட் மாற்றுவது எப்படி

உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டியான ரைடிங் மோவர் மேட்டில் ஏறும்போது திணறுகிறது, எஞ்சின் மட்டும் வழக்கம்போல இரைகிறது, கூடவே ரப்பர் கருகிய வாசனையும் வருகிறது என்றால் கியர் பாக்ஸ் போய்விட்டதோ என்று பயப்படுவதற்கு முன்னால் டிரைவ் பெல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களைச் சுற்றும் ஹைட்ரோஸ்டேடிக் வண்டியாக இருந்தால், தள்ளிக்கொண்டு போவதற்காகப் பின்னால் வைத்திருக்கும் ஃப்ரீவீல் கம்பி தவறுதலாக இழுபட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது வெளியே வந்திருந்தால் எந்த பெல்ட் போட்டாலும் வண்டி நகராது.

இந்த வண்டிகளில் பொதுவாக இரண்டு பெல்ட் உண்டு. எஞ்சினிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோவது டிரைவ் பெல்ட், வண்டிக்கு அடியில் டெக் எனப்படும் கூட்டுக்குள் இருக்கும் பிளேடுகளைச் சுற்றுவது டெக் பெல்ட். வண்டி ஓடுகிறது ஆனால் புல் வெட்டவில்லை என்றால் டெக் பெல்ட், பிளேடு சுற்றுகிறது வண்டி நகரவில்லை என்றால் டிரைவ் பெல்ட் என்று முதலில் பிரித்துக்கொள்ளலாம். இரண்டுமே எஞ்சினுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டிலிருந்துதான் கிளம்புகின்றன, வழக்கமாக டிரைவ் பெல்ட் மேலே, டெக் பெல்ட் கீழே. அதனால் மேலே இருப்பதை எடுக்க வேண்டுமானால் கீழே இருப்பது முதலில் வந்தாக வேண்டும், பெரும்பாலான வண்டிகளில் டெக்கையே கழற்றித்தான் ஆக வேண்டும்.

பெல்ட் வாங்கும்போது பழையதை அளந்து வாங்காதீர்கள். அது ஓடி ஓடி நீண்டும் தேய்ந்தும் போயிருக்கும். பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வைத்து, அந்த வண்டிக்கான பெல்ட் எண்ணைக் கண்டுபிடித்து வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சாதாரண வி பெல்ட்டை (குறுக்குவெட்டில் V போல அடி குறுகிய பெல்ட்) போட்டுவிடலாமே என்று தோன்றும், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்த பெல்ட் பல வண்டிகளில் கிளட்ச் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ஒவ்வொரு முறை பெடலை விடும்போதும் கொஞ்சம் வழுக்கித்தான் பிடிக்கும், போதாததற்கு, பெல்ட்டை விறைப்பாக வைத்திருக்கும் தட்டையான ஐட்லர் புல்லிகளில் முதுகுப்பக்கமாகவும் வளைந்து ஓடுகிறது. இதைத் தாங்குவதற்காகத்தான் மோவர் பெல்ட்டுகளில் பெரும்பாலும் கெவ்லர் போன்ற அராமிட் நூலை உள்ளே வைக்கிறார்கள். அகலமும் முக்கியம். அரை அங்குலம், எட்டில் ஐந்து அங்குலம் என்று இரண்டு அகலங்கள் அதிகம் புழங்குகின்றன, வித்தியாசம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். ஆனால் வி பெல்ட் பிடிப்பது பக்கவாட்டில். அகலம் குறைந்த பெல்ட் புல்லிப் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வழுக்கிக்கொண்டே இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருங்கள். சாவியை எடுங்கள், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் எடுத்துவிடுங்கள். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி வேலை செய்வதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை விடவே கூடாது, ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். பிரேக் பெடலை மிதித்து பார்க்கிங் பிரேக் போடுங்கள். இது வண்டி உருளாமல் இருக்க மட்டுமல்ல, பல வண்டிகளில் பெடல் கீழே இருக்கும்போது பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் பின்வாங்கி பெல்ட் தானாகத் தளர்ந்துவிடும்.

அப்புறம், எதையும் கழற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். மேலிருந்து, கீழிருந்து, இரண்டு பக்கத்திலிருந்தும். பெல்ட் எந்தப் புல்லியைச் சுற்றி எந்தப் பக்கமாகப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்தும் வையுங்கள், ஏனென்றால் இருட்டான இடத்தில் எடுத்த போட்டோவில் பெல்ட்டும் சட்டமும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும்.

டெக்கை ஆகக் கீழே இறக்கி, டெக் பெல்ட்டை எஞ்சின் புல்லியிலிருந்து விடுவியுங்கள். டெக்கைப் பிடித்திருக்கும் கம்பிகளின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டால் டெக் தரையில் உட்கார்ந்துவிடும், பக்கவாட்டில் இழுத்து வெளியே எடுக்கலாம். இந்த இடத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. டெக்கின் எடை போனதும் தூக்கும் கைப்பிடியில் ஸ்பிரிங் இழுவை மட்டும்தான் மிஞ்சும். பூட்டை விடுவித்தால் விருட்டென்று மேலே வரும், முகத்தை அருகில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எஞ்சின் தண்டின் அடியில், பிளேடுகளுக்கு விசையை இணைத்துத் துண்டிக்கும் மின்சாரக் கிளட்ச் இருந்தால், சில வண்டிகளில் அதைத் தாண்டி பெல்ட் வந்துவிடும், சிலவற்றில் வராது. வராவிட்டால் வயர் இணைப்பைப் பிரித்துவிட்டு நடுபோல்ட்டைக் கழற்றி கிளட்ச்சை இறக்க வேண்டும். கிளட்ச் உடல் சுற்றாமல் தடுக்கும் தகடோ கம்பியோ எங்கே மாட்டியிருந்தது என்று கவனித்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது அது விட்டுப்போனால் கிளட்ச் முழுவதும் சேர்ந்து சுற்றி வயரைப் பிய்த்துவிடும்.

பின்பக்கத்தில் ஹைட்ரோஸ்டேடிக் கியர் பாக்ஸ் புல்லியின் மேல் ஒரு பிளாஸ்டிக் விசிறி இருக்கும். பெல்ட்டை இழுத்து எடுக்கப் பார்த்தால் இறக்கை உடையும். தளர்ந்த பெல்ட்டை ஒரு இறக்கைக்கு மேலே ஏற்றி, விசிறியைக் கையால் கொஞ்சம் திருப்பி, அடுத்த இறக்கை, மறுபடி திருப்பல் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வர வேண்டும். மெதுவான வேலைதான், ஆனால் ஸ்குரூ டிரைவரால் நெம்புவதைவிட எவ்வளவோ மேல். புது பெல்ட்டையும் இதே வழியில்தான் ஏற்ற வேண்டும், நெம்பினால் வெளியே ஒன்றும் தெரியாமலேயே உள்நூல் அறுந்திருக்கும்.

பழைய பெல்ட் கைக்கு வந்ததும் அது ஏன் செத்தது என்று பாருங்கள். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தால் நெடுநாள் வழுக்கியிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் பிசிறு பிசிறாக நைந்திருந்தால் ஏதோ ஒரு புல்லி சாய்ந்திருக்கிறது, அல்லது வளைந்த தகடு எங்கோ உரசுகிறது. எண்ணெய் பிசுபிசுப்பு இருந்தால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டாதீர்கள். ஐட்லர் புல்லிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிச் சுற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் வழுவழுவென்று சுற்றும். மணல் அரைப்பதுபோல கரகரத்தாலோ, விளிம்பைப் பிடித்து ஆட்டினால் ஆடினாலோ அந்தப் புல்லியையும் இப்போதே மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது பெல்ட்டையும் அது தின்றுவிடும். பள்ளத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள், காய்ந்த புல்லைச் சுரண்டி எடுங்கள்.

புது பெல்ட்டை வரைபடத்தின்படி சுற்றுங்கள். பள்ளமுள்ள புல்லிகளில் பெல்ட்டின் குறுகிய பக்கம் உள்ளே போக வேண்டும், தட்டையான ஐட்லரில் முதுகு படும், எங்கேயும் முறுக்கு இருக்கக் கூடாது. புல்லிகளை ஒட்டி நிற்கும் சிறிய கம்பிகள் இருக்கின்றனவே, கீப்பர் என்பார்கள், பெல்ட் தளரும்போது பள்ளத்தைவிட்டு வெளியே வராமல் பார்த்துக்கொள்வது அவைதான். பெல்ட் கம்பிக்கும் புல்லிக்கும் நடுவில் போக வேண்டும். நான் முதல்முறை மாற்றியபோது எஞ்சினுக்கு அருகில் இருந்த ஒரே ஒரு கம்பிக்கு வெளியே பெல்ட்டை விட்டுவிட்டேன். டெக்கெல்லாம் மாட்டி முடித்து பிரேக்கை ஒருமுறை மிதித்ததும் பெல்ட் நழுவிவிட்டது, மறுபடி டெக்கை இறக்கி முழு வேலையையும் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு கம்பியையும் டார்ச் அடித்து, விரலால் தொட்டு எண்ணிய பிறகுதான் டெக் பக்கம் போகிறேன்.

இனி பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். ஐட்லர் ஸ்பிரிங் இழுத்து பெல்ட் விறைப்பாக வேண்டும். பெடலை நாலைந்து முறை மிதித்து விட்டு, பெல்ட் தளர்ந்து மறுபடி அதே பள்ளத்தில் வந்து உட்காருகிறதா என்று பாருங்கள். திருப்தியாக இருந்தால் கிளட்ச்சை மாட்டி, நடுபோல்ட்டைக் கையேட்டில் கொடுத்திருக்கும் அளவுக்கு முறுக்கி, டெக்கையும் டெக் பெல்ட்டையும் ஏற்றுங்கள், கிளிப் ஒன்றுகூட விடுபடக் கூடாது. பேட்டரி வயரும் ஸ்பார்க் பிளக் வயரும் கடைசியில்தான்.

ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் குறைந்த வேகத்தில் ஸ்டார்ட் செய்து, முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்றும் சோதியுங்கள். ஆரம்பத்தில் லேசான ரப்பர் வாசனை வரலாம். கிறீச்சென்ற சத்தமோ தட்டும் சத்தமோ நிற்காமல் வந்தால் உடனே அணைத்துவிட்டு கீப்பர் கம்பிகளைப் பாருங்கள். முதல் தடவை புல் வெட்டி முடித்த பிறகும், வண்டி ஆறியதும் சாவியையும் பிளக் வயரையும் எடுத்துவிட்டு அடியில் ஒருமுறை டார்ச் அடியுங்கள். ஏதாவது ஒரு புல்லியைச் சுற்றி கறுப்புத் தூள் படிந்திருந்தால் அங்கேதான் பெல்ட் உரசுகிறது.